தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம்

போட்டா? போட்டு ஓடாதும்மா. அந்தா கெடக்கு பாருங்க, படகெல்லாம் கவுத்திப் போட்டிருக்கு. அன்னம் மாதிரி ஒண்ணு, வாத்து மாதிரி ஒண்ணு. தண்ணி இல்லாம எங்கிட்டு ஓட? பிள்ளைங்க அழுதா சறுக்குல ஏத்தி விடச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரர. ஊஞ்சலும் இருக்கு, ஒரு பக்கம் சங்கிலி மட்டும் கீச்சுன்னு சத்தம் போடும், மத்தபடி ஒண்ணும் ஆகாது. நீங்க இப்படி நிழல்ல வந்து உக்காருங்க. பஸ் வர இன்னும் நேரம் கெடக்கு. டீ போடட்டா? இஞ்சியா, சுக்கா?

நல்ல நேரத்துல வந்தீங்க போங்க. புரட்டாசியில யாரு வாரா? வந்தாலும் எட்டிப் பாத்துட்டு, 'இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்'னு திரும்பிருதாவ. குத்தம் சொல்ல முடியாது. டேம்னு பேரு. உள்ள பாத்தா சேறும் கோரைப்புல்லும். நடுவுல குட்டை மாதிரி கொஞ்சம் தண்ணி, அதுல நாலு கொக்கு.

இது மண் அணை, பாத்துக்கிடுங்க. பெரிய டேம்ல எல்லாம் கல்லுச் சுவரு நிக்குமே, அப்படி இல்ல. மண்ணக் கொட்டி, உருளைய விட்டு அமுக்கி, உள்பக்கம் கல்லு பதிச்சு, வெளிப்பக்கம் புல்லு வளத்து விட்டிருக்கு. இந்தா, நாம உக்காந்திருக்கோமே, இதுதான் அணை. தெரியாதவங்க ஏதோ குளத்துக்கரைன்னு நெனைப்பாவ. மேல மலையிலேருந்து மஞ்சனத்தி ஓடை வருது. வருசம் பூரா காஞ்சு கெடக்கும். ஐப்பசி கார்த்திகையில மலையில கொட்டுச்சுன்னா போதும், கிறுக்குப் பிடிச்ச மாதிரி இறங்கும். கீழ வாகைத்தாவுன்னு ஒரு ஊரு. தாவுன்னா பள்ளம். பள்ளத்துல ஊரு இருந்தா தண்ணி வேற எங்க போகும்? அதுக்காகத்தான் இதக் கட்டுனாவ. வெள்ளத்த இங்கன பிடிச்சு நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமா கீழ விடுததுக்கு. கட்டுன பொறவுதான் பூங்கா வந்துச்சு, போட்டு வந்துச்சு, கடை எல்லாம் வந்துச்சு.

என் தங்கச்சிய வாகைத்தாவுலதான் குடுத்திருக்கு. ராஜபுஷ்பம்னு பேரு, எங்களுக்கு ராசம். நான் தங்கபுஷ்பம். எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டே பேருதான். டேம் கட்டி முடிச்ச வருசம் அவதான் எங்கிட்ட ஓடி வந்து சொன்னா. 'அக்கா, அங்கன சனமா வருது, டீத்தண்ணிக்கு வழியில்லாம அலையுது, நீ ஒரு கடை போடேன்'னு. அவ சொல்லித்தான் போட்டேன். எங்க வீட்டுக்காரருக்கும் போட்டு விடுத வேலை கெடைச்சுது. பால்துரைன்னு கேட்டா இந்தச் சுத்துவட்டாரத்துல தெரியும். சின்னப் பிள்ளைங்களப் போட்டுல ஏத்துனா ஒரு கையால பிள்ளையப் பிடிச்சுக்கிட்டேதான் ஓட்டுவாரு. அப்படி ஒரு ஆளு.

ராசம் மாப்பிள்ளை தவசிமணி. தையக்காரரு. கால் கொஞ்சம் சூம்புனவரு, மிசின் மட்டும் அப்படி மிதிப்பாரு. வாகைத்தாவு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் அவரு தச்ச சட்டைதான். என்னை மைனி மைனின்னு வாய் நெறையக் கூப்பிடுவாரு. இந்தக் கடைக்கு முன்னால படுதா தொங்குதுல்லா, அதுகூட அவரு தச்சதுதான். காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. ஓரம் பாருங்க, பிரிஞ்சிருக்கா? பிரியாது.

சரி, போட்டு ஏன் ஓடலன்னு கேட்டீங்க.

போன வருசம் வரைக்கும் ஓடுச்சும்மா. மழைக்காலம் வருதுன்னா டேம் ஆபீஸ்லேருந்து ஷட்டரத் தூக்கி தண்ணிய வெளிய விட்டுருவாவ. பாதி டேம் காலியா இருக்கணுமாம், அப்பதான் வெள்ளம் வந்தா பிடிக்க எடம் இருக்குமாம். லஸ்கர் நம்பிராசன் சொல்லுவாரு. லஸ்கர்னா ஷட்டர் தெறக்க, மூட, கரையப் பாத்துக்கிட ஆபீஸ்ல போட்டிருக்குத ஆளு. அந்த நேரம் பாத்துத்தான் தீவாளி லீவு வரும். சனம் வரும். வந்து பாத்தா போட்டு தரையில முட்டும். வருசா வருசம் இதே கூத்து.

போன வருசம் நாங்க சும்மா விடல. மாங்காக் கடை, ஐஸ் கடை, பொம்மைக் கடை எல்லாரும் சேந்து ஒரு வேன் பிடிச்சு ஆபீசுக்குப் போனோம். இன்ஜினியர் ஏ.இ. சார் முன்னால போயி நின்னதும் ஆம்பளைங்க ஒருத்தனுக்கும் வாய் வரல. தலையச் சொறிஞ்சிக்கிட்டு நிக்கானுவ. நான்தான் பேசுனேன். எனக்கு என்ன பயம்? 'சார், தண்ணி இல்லாத டேமப் பாக்க எவன் சார் வருவான்? லீவு முடியுத வரைக்கும் நெறைஞ்சு கெடக்கட்டும். பொறவு நீங்க மொத்தத்தையும் தெறந்து விடுங்க, நாங்க கேக்க மாட்டோம். இத்தன வருசத்துல ஒண்ணும் வரல, இந்த ஒரு மாசத்துல என்ன சார் வந்துரப் போகுது?'ன்னு கேட்டேன். அவரு சிரிச்சிட்டாரு. 'இந்த அம்மா எலக்சன்ல நிக்கலாம் போலயே'ன்னாரு. பக்கத்துல இருந்தவங்கள்லாம் சிரிச்சாவ. எனக்குக் கூச்சமாப் போச்சு. ஆனா வேலை நடந்துச்சும்மா. ஷட்டர மூடி வச்சாவ. வேன்ல திரும்பும்போது எல்லாரும் எனக்குக் கை தட்டுனாவ.

தீவாளிக்கு நீங்க பாத்திருக்கணும்! தண்ணி அந்தா, அந்தக் கைப்பிடி இருக்குல்லா, அதுக்குக் கீழ வந்து தளும்பிக்கிட்டு நிக்கி. மலை அப்படியே தண்ணிக்குள்ள தலைகீழாத் தெரியுது. போட்டுக்கு வரிசை. வடை போட்டு மாளல, டீ ஆத்தி மாளல. கல்யாணம் முடிச்ச சோடிங்க மாலையோட வந்து படம் எடுக்குது. எனக்குப் பெருமையா இருந்துச்சு. நம்ம ஒரு வார்த்தை பேசி இம்புட்டு நடந்திருக்குன்னா இருக்காதா பின்ன?

அந்த நேரத்துலதான் ராசம் போன் பண்ணுனா.

'அக்கா, டேம் நெறைஞ்சு கெடக்காமே?'

'ஆமாடி, வந்து பாரு. ஜோரா இருக்கு.'

'ரேடியோவுல மழை சொல்லுதான்க்கா. நீ அங்கனதான இருக்க. யார்ட்டயாவது சொல்லி கொஞ்சம் தெறந்து விடச் சொல்லேன்.'

'நான் சொன்னா கேப்பாவளா? நான் டீ ஆத்துதவ. ஆபீஸ்ல எனக்கு யாரத் தெரியும்?'ன்னேன். உள்ளதத்தான சொன்னேன்? 'நீ பயப்படாத, லஸ்கர் இருக்காரு, கரை கல்லு மாதிரி இருக்கு'ன்னு தைரியம் சொன்னேன். தவசிமணி போன வாங்கி, 'மைனி, உங்க தங்கச்சி பேச்சக் கேக்காதீங்க, அவ எறும்பு சாரை போனாலும் வெள்ளம் வருதும்பா'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அதுதான் அந்த மனுசன்ட்ட நான் கடைசியாப் பேசுனது.

வெள்ளம் வந்த அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. இங்கன நல்ல வெயிலு. மலை மட்டும் கறுத்துக் கெடந்துச்சு, அடுப்புல வச்ச சட்டி மாதிரி. சாப்பாட்டு நேரம் கழிஞ்சிருக்கும், தண்ணி நெறம் மாறிட்டு. டீ மாதிரி ஆயிட்டு. மரக்கொப்பு வருது, வாழை வேரோட வருது, செத்த ஆடு ஒண்ணு வருது. எங்க வீட்டுக்காரரு போட்டு எல்லாத்தையும் கரையில இழுத்துக் கட்டிட்டாரு. நம்பிராசன் லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு ஓடுதாரு, போன்ல யார்ட்டயோ கத்துதாரு. எனக்கு அப்பவும் ஒண்ணும் தோணல. நெறைஞ்ச டேமுக்குத் தண்ணி வந்தா வழிஞ்சு போகும், அவ்வளவுதானன்னு நெனைச்சேன்.

மண் கரைக்கு மேல தண்ணி வழியப்படாதாம்மா. அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். வழிஞ்சா கருப்பட்டி மாதிரி கரைஞ்சு கரையே போயிருமாம். டேமும் இருக்காது, கீழ ஊரும் இருக்காது. அதனால ஷட்டர் ரெண்டையும் ஒரே மூச்சாத் தூக்கிட்டாவ. முன்னாலயே கொஞ்சம் கொஞ்சமா விட்டிருந்தா அப்படித் தூக்க வேண்டி வந்திருக்காதுன்னு பொறவு எல்லாரும் பேசுனாவ. யாரு செய்யல? ஆபீஸ்காரங்க செய்யல. நாம என்ன செய்ய?

சங்கு ஊதுச்சு. சங்கு ஊதுனா நம்ம சனம் ஓடவா செய்யுது? வேடிக்கை பாக்க ஓடி வருது. ஷட்டர் வழியா தண்ணி பாயுதது அப்படி இருந்துச்சு. பொகை மாதிரி எழும்புது. சனம் விசிலடிக்கி, போன் பிடிச்சுப் படம் எடுக்குது. நான் ராசத்துக்கு போன் போட்டேன். மணி அடிக்கி, அடிக்கி, எடுக்க மாட்டேங்கா. திரும்பப் போட்டேன். கடையில கூட்டம் மொய்க்கி. ஒரு கையில கரண்டி, ஒரு கையில போனு. எண்ணெய் காயுது. எத்தன தடவ போட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. போன் தையல் மிசின் மேலயே கெடந்து அடிச்சிருக்கு. அவங்க ரெண்டு பேரும் பின்னால துணி நனையுதுன்னு அள்ளிக்கிட்டு இருந்திருக்காவ.

எங்க வீட்டுக்காரரு வந்து, 'அடுப்ப அணை, கெளம்பு, வாகைத்தாவுக்குப் போவோம்'ன்னாரு. 'இந்த ஒரு ஈடு வடைய எடுத்துக்கிடுதேன், மாவு வீணாப் போகும்'ன்னேன். அவரு குடத்துத் தண்ணிய எடுத்து அடுப்புல ஊத்திட்டாரு. இருபத்தஞ்சு வருசத்துல அந்த மனுசன் எங்கிட்ட அப்படி நடந்ததே இல்ல.

வண்டியில போனோம். பாதி வழியில மழை பிடிச்சிட்டு. வாகைத்தாவுக்குப் போகணும்னா ஓடையில ஒரு தரைப்பாலம் உண்டு, அதத் தாண்டணும். போயிப் பாத்தா பாலம் இருந்த எடமே தெரியல. செவப்புத் தண்ணி ஓடுது. சத்தம் எப்படின்னா, பக்கத்துல நிக்குத ஆளு பேசுதது வாய் அசையுததுதான் தெரியும். இந்தப் பக்கம் ஒரு கூட்டம் நிக்கி. அந்தப் பக்கம், பனைமரத்துக்கு இடையில ஊரு தெரியுது. பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில பொம்பளைங்களும் பிள்ளைங்களுமா நிக்காவ. ஊர்ல தெம்புள்ள ஆம்பளைங்க பூராப் பேரும் அன்னைக்குன்னு பாத்து ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தாவ. நேரம் பாருங்க.

அப்ப அந்தக் கரைக்கு ஒருத்தி ஓடி வாரா. சேலை உடம்போட ஒட்டிக் கெடக்கு, தலை அவுந்து கெடக்கு. பாத்ததும் எனக்குத் தெரிஞ்சிட்டு, ராசம். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. உசுரோட இருக்கா. முழங்கால் அளவு தண்ணி வரைக்கும் இறங்கி வந்து நின்னு கத்துதா. ஒரு எழுத்து கேக்கல. வாய் மட்டும் தெறந்து தெறந்து மூடுது. ரெண்டு கையையும் இப்படி ஆட்டுதா.

நீங்களே பாருங்கம்மா. இப்படி. உள்ளங்கை கீழ பாத்து, விரல மடக்கி மடக்கி. இதுக்கு என்ன அர்த்தம்? சட்டுன்னு சொல்லாதீங்க. பக்கத்துல நின்னா எல்லாம் தெரியும். நடுவுல ஓடை, மழை கண்ணுல அடிக்கி. வான்னு கூப்பிடுததும் இப்படித்தான் இருக்கும். வராத, போ போன்னு சொல்லுததும் இப்படித்தான் இருக்கும்.

அங்கன கொம்பையா அண்ணாச்சி டிராக்டரோட நின்னாரு. வாழைத்தோட்டத்துக்குப் போயிட்டு வந்தவரு. பெரிய டயரு. கூட அவரு தோட்டத்து ஆளுங்க மூணு நாலு பேரு. 'யம்மா, அது உன் தங்கச்சியா? என்னமோ கூப்பிடுதாளே, மெதுவா விட்டுப் பாக்கட்டா? பாலம் உடையலன்னா தாண்டிரலாம்'னு எங்காதுல வந்து கத்துனாரு. எங்க வீட்டுக்காரரு, 'வான்னுதான் கூப்பிடுதா'ன்னாரு.

நான் சொன்னேன், 'இல்ல அண்ணாச்சி, வரவேண்டாம்னு சொல்லுதா. நாங்க நல்லாருக்கோம், நீங்க தண்ணியில இறங்காதீங்கன்னு சொல்லுதா.' எங்க வீட்டுக்காரரு திரும்பவும் என்னமோ சொல்ல வந்தாரு. 'அவ எங்கூடப் பொறந்தவ. அவ கை ஆட்டுனா எனக்குத் தெரியாதா, உங்களுக்குத் தெரியுமா?'ன்னு கேட்டேன். அவரு கொஞ்சம் தள்ளிப் போயி நின்னுக்கிட்டாரு. கொம்பையா அண்ணாச்சியும் வண்டியத் திருப்பிட்டுப் போயிட்டாரு.

நான் நெனைச்சது தப்பா சொல்லுங்க. ராசம் சின்னதுலேருந்து அப்படித்தான். தனக்கு என்ன வந்தாலும் அடுத்தவங்களத்தான் பாப்பா. கிணத்துல விழுந்தாகூட, 'நீ எட்டிப் பாக்காதக்கா, விழுந்துருவே'ங்கிற பிள்ளை. அப்படிப்பட்டவ வெள்ளத்துல நின்னு கை ஆட்டுனா நான் என்ன நெனைப்பேன்?

டிராக்டர் திரும்புனதும் இன்னும் வேகமா ஆட்டுனா. நானும் ரெண்டு கையையும் தூக்கி, 'சரி சரி, போறோம், நீ மேல போ'ன்னு காட்டுனேன். கொஞ்ச நேரத்துல அப்படியே சேத்துல உக்காந்துட்டா. களைச்சுப் போச்சு போல, பாவம்னு நெனைச்சேன். இருட்டிக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்கு வந்து அம்மா படத்துக்கு வெளக்கு ஏத்துனேன். தங்கச்சியக் காப்பாத்திக் குடுத்தியேன்னு கும்பிட்டேன்.

மறுநாள் தண்ணி வடிஞ்சிட்டு. அவங்க வீட்டுல அடுப்பு ஏது, சாமான் ஏதுன்னு ஒரு தூக்குல இட்லியும் ஒரு தூக்குல சாம்பாரும் கொண்டு போனேன். தெருவுக்குள்ள நுழையுதேன், சனம் கூடி நிக்கி. விலகி வழி விடுதாவ. ஒருத்தரும் முகத்தப் பாக்கல.

தண்ணி ஏறுனதும் ராசத்த வெளிய தள்ளிட்டு தவசிமணி மிசினத் தூக்கிக் கட்டில் மேல வைக்க உள்ள போயிருக்காரு. மண் சுவரு. நனைஞ்ச சுவரு அப்படியே அவரு இடுப்பு மேல சாஞ்சிருக்கு. உசுரு உடனே போகலம்மா. சாயந்திரம் வரைக்கும் பேசிட்டு இருந்திருக்காரு. பொம்பளைங்க மம்பட்டிய வச்சுத் தோண்டிருக்காவ, கையால அள்ளிருக்காவ. சுவரு நகரல. அந்த நேரத்துலதான் ராசம் ஆம்பளை ஆளுகளக் கூப்பிடப் பாலத்துக்கு ஓடி வந்திருக்கா.

நாலு ஆம்பளை கடப்பாரையோட போயிருந்தா தூக்கிருக்கலாமாம். சொல்லுதாவ. சொல்லுதவனுக்கு என்ன? அந்தத் தண்ணியில டிராக்டர் கவுந்திருந்தா? கொம்பையா அண்ணாச்சிக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. அதுங்க கதி என்ன? அன்னைக்கு நான் தடுக்கலன்னா அவரு போயிருப்பாரு. ஒரு உசுரக் காப்பாத்தி விட்டிருக்கேன். அத எவனாவது சொல்லுதானா? மறுநாள் பாலத்தப் பாத்தவங்க பாலம் உடையவே இல்லன்னு சொன்னாவ. எனக்கு அது எப்படித் தெரியும்?

ராசம் அவரு தலைமாட்டுல உக்காந்திருந்தா. என்னைப் பாத்தா. எங்கையில இருந்த தூக்கப் பாத்தா. அவ்வளவுதான். நான் விழுந்து அழுதேன், கட்டிப் பிடிச்சேன். கட்டை மாதிரி இருந்தா. காடாத்துக்குப் போனேன், பதினாறுக்குப் போனேன், கோடிச் சேலை எடுத்துட்டுப் போனேன். எல்லாத்துக்கும் இருந்தேன். ஒரு வார்த்தை இல்ல. வா இல்ல, போ இல்ல.

ஊருக்காரங்க அவ மனசக் கெடுத்துட்டாவ. எனக்கு டேம்காரின்னு பேரு வச்சிருக்காவ. அந்தப் பக்கம் போனா, 'டேம்காரி வாரா'ங்காவ. நானா டேமக் கட்டுனேன்? நானா மழையப் பெய்ய வச்சேன்?

எங்க வீட்டுக்காரரு போட்டு வேலைய விட்டுட்டாரு. கொத்தனாருக்குக் கையாளாப் போறாரு. லீவு நாளுல வாகைத்தாவுக்குப் போயிருதாரு. ராசம் வீட்டுச் சுவர அவருதான் எழுப்பிக் குடுத்தாரு, இந்தத் தடவ செங்கல்லுல. அவருட்ட ராசம் பேசுதா. வந்ததும் நான் கேப்பேன், 'என்ன சொன்னா?'

'சாப்பிட்டியான்னு கேட்டா.'

'என்னையா?'

'என்னைய.'

பொறவு துண்டத் தோள்ல போட்டுட்டு வெளிய போயிருவாரு.

அந்தா பாருங்க. சறுக்குக்கு அங்கிட்டு. பச்சைச் சேலை, மேல காக்கிச் சட்டை போட்டு, ஈக்குமாறு வச்சுக் கூட்டுதால்லா? அவதான். அவதாம்மா ராசம்.

அவ வீட்டுக்காரரு இப்படிப் போனதுனால பாவம் பாத்து ஏதாவது வேலை குடுங்கன்னு ஊர்ல கேட்டிருக்காவ. சித்திரையில குடுத்தாவ. எங்க குடுத்தாவ பாருங்க! பூங்காவுல கூட்டுத வேலை. காலையில வந்தா சாயந்திரம் வரைக்கும் எங்கண்ணு முன்னாலதான் இருக்கா. மொத நாளு அவ வாசல்ல வந்து நின்னப்ப, எனக்குத்தான் சாமி கொண்டாந்து விட்டுருக்குன்னு நெனைச்சேன். ஒரே எடத்துல கெடந்தா எத்தன நாளைக்கு மூஞ்சியத் திருப்ப முடியும்?

முடியுதும்மா. அவளுக்கு முடியுது.

எங்கடை வாசலையும் கூட்டத்தான் செய்யுதா. ஒதுக்கல. மத்த எடத்த எப்படிக் கூட்டுவாளோ அப்படியே, குப்பை இல்லாம. நான், 'ராசம், ஒரு வாய் டீ குடி'ம்பேன். கேக்காத மாதிரி கூட்டிக்கிட்டே போயிருவா. மொறைச்சாக்கூடப் பரவாயில்ல. ஒரு நாளு நான் வேணும்னே முட்டை ஓட்டையும் டீத்தூளையும் வாசல் பூரா கொட்டி வச்சேன். ஏசட்டும்னு. 'அறிவில்லையா'ன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும்னு. குனிஞ்சா. ஒவ்வொரு ஓடாப் பொறுக்குனா. குப்பைச் சட்டியில போட்டுட்டுப் போயிட்டா. நான் இங்கன உக்காந்து அன்னைக்குப் பூரா அழுதேன்.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அன்னைக்கு என்ன சொல்லிக் கத்துனா? ஊரு ஆயிரம் சொல்லும். அவ வாயால சொல்லணும். ஒருவேளை மொதல்ல வராதன்னு சொல்லிருப்பா, பொறவு வான்னு சொல்லிருப்பா. அப்படியும் இருக்கலாம்ல? நீங்க சொல்லுங்க. அப்படி இருக்கலாம்ல?

டீ ஆறுது, குடிங்க.

இப்ப ஆபீஸ்ல தண்ணியத் தேக்கவே மாட்டேங்காவ. கேட்டா, போன வருசம் பட்டது போதாதாங்காவ. ஒரு தடவ நடந்துட்டுன்னு வருசா வருசமா நடக்கும்? மத்த கடைக்காரங்க பூராப் பேரும் கடைய எடுத்துட்டுப் போயிட்டாவ. இந்தத் தடவ போயிக் கேக்கவும் ஆளு இல்ல. நானும் போகல. ஏன் போகலன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. ரெண்டு தடவ சேலை மாத்திக் கெளம்புனேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்.

ஏம்மா, பஸ்சுக்குப் போறதுக்கு முன்னால ஒரு உதவி செய்வீங்களா? உங்க பிள்ளைங்க அந்தப் பக்கம்தான வெளையாடுது. கூப்பிடப் போகும்போது இந்த டீய அவகிட்ட குடுத்துருங்களேன். சுக்கு தட்டிப் போட்டிருக்கேன், சீனி கம்மி, அவளுக்கு அப்படித்தான் இருக்கணும். நான் தந்தேன்னு சொல்லிராதீங்க. வெயில்ல நிக்கீங்களே, குடிங்கன்னு மட்டும் சொல்லுங்க. எல்லார்ட்டயும் இதக் கேக்க மாட்டேன். முகத்தப் பாத்துத்தான் கேப்பேன். வாரத்துல ஒருத்தராவது கெடைச்சிருவாவ.

பாத்துப் போங்க, படி வழுக்கும்.

வாங்க, வாங்க. வாங்கிக்கிட்டாளா? ஒண்ணும் கேக்கலையா? சிரிச்சாளா? தலைய மட்டும் ஆட்டுனாளா? சரி, சரி. அந்தா, ஈக்குமாறச் சாத்தி வச்சிட்டா. உக்காந்துட்டா. ஊதுதா. குடிக்கா, பாருங்க, குடிக்கா.

நல்லாருப்பீங்கம்மா. உங்க பிள்ளைங்க நல்லாருக்கும். காசெல்லாம் வேண்டாம், உள்ள வைங்க.

அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா தொடவே மாட்டா. யாரோ வெளியூர்லேருந்து வந்த மகராசி பாவம் பாத்து வாங்கித் தாரான்னு நெனைச்சுக்கிட்டுதான் குடிக்கா. நெனைச்சா நெனைச்சிட்டுப் போட்டும். எங்கையால போட்டது அவ வயித்துக்குள்ள போகுதுல்லா, எனக்கு அது போதும்.

என்ன கேட்டீங்க?

இந்தக் கரையில வேற டீக்கடை இருக்கான்னா?

இல்லம்மா. நான் ஒருத்திதான்.